3000 வாட் ஸ்டிக்கரும் 30 ஆம்பியர் ஃபியூஸும்

சித்தப்பா மகன் குடியாத்தத்தில் இருக்கிறான். போன வருடம் பழைய ஸ்விஃப்ட் ஒன்றை வாங்கினான். வாங்கிய இரண்டாவது வாரமே டிக்கியில் தாழ்ந்த ஒலிக்கென்றே இருக்கும் பன்னிரண்டு இன்ச் ஸ்பீக்கரான ஊஃபரும், அதற்குச் சக்தி கொடுக்கும் ஓர் ஆம்ப்பும் ஏறிவிட்டன. மார்கழி, தை எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. சித்திரை பிறந்து வெயில் ஏறியதும் தொல்லை ஆரம்பித்தது. குடியாத்தத்தில் கிளம்பி லத்தேரி வருவதற்குள் ஊஃபர் நின்றுவிடும். வண்டியை நிழலில் போட்டால் கால் மணி நேரத்தில் தானாக உயிர் வரும். "3000 வாட்ஸ்ணா, புதுசுதான். இன்னா ஆச்சின்னே தெரில" என்று காட்பாடிக்கு எடுத்து வந்தான்.

டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கினேன். ஆம்ப் அதற்கு அடியில் படுத்திருந்தது. மேல்மூடியில் கையகலத்துக்கு வெள்ளி எழுத்தில் 3000 வாட்ஸ். வயர்கள் நுழையும் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு பிளேடு ஃபியூஸ், அதன் முதுகில் 30 என்ற எண். முதல் முறை ஆம்ப் வாங்கப் போகிற யாருக்கும் நான் காட்ட விரும்புவது இந்த இரண்டு எண்களைத்தான்.

கணக்கு சின்னது. எஞ்சின் ஓடும்போது காரில் கிடைப்பது ஏறக்குறைய 14 வோல்ட். ஃபியூஸ் தாங்குவது 30 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 420 வாட். இதற்கு மேல் தொடர்ந்து இழுத்தால் ஃபியூஸ் போய்விடும். அந்த 420-ம் முழுதாக ஊஃபருக்குப் போகாது. அவனுடையது ஏபி வகை ஆம்ப், பாதிக்குப் பாதி சூடாகவே வீணாகும். ஆக, ஊஃபருக்குப் போய்ச் சேருவது இருநூற்றுச் சொச்சம் வாட். உள்ளே போவதே 420 என்றால் வெளியே 3000 எங்கிருந்து வரும்? டி வகை ஆம்ப்பாக இருந்தால் நூற்றுக்கு எண்பது வரை ஒலியாக மாறும், சூடும் குறைவு. ஊஃபருக்கு டி வகைதான் வாங்கச் சொல்வேன், நம் ஊர் வெயிலுக்குக் கட்டாயம்.

அப்படியானால் அட்டையில் பெரிதாகப் போடுவது எந்த வாட்? பெரும்பாலும் 'பீக்' அல்லது 'மேக்ஸ்'. ஒரு நொடியில் சிறு துணுக்கு நேரம் எட்டக்கூடியதாகச் சொல்லப்படும் உச்சம். அதை இப்படித்தான் அளக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், துணிந்தவர் துணிந்த எண்ணைப் போடுகிறார். நீங்கள் பார்க்க வேண்டியது 'ஆர்எம்எஸ்' என்று போட்டிருக்கும் எண். நிற்காமல் தரக்கூடிய வாட் அதுதான். சிஇஏ-2006 என்று தொடங்கி இப்போது சிடிஏ-2006 என்று வழங்கும் ஓர் அளவுமுறை இருக்கிறது. 14.4 வோல்ட்டில், 4 ஓம் சுமையில் (ஓம் என்பது கரண்ட்டுக்கு ஸ்பீக்கர் தரும் தடையின் அளவு), ஒலிச் சிதைவு நூற்றுக்கு 1 தாண்டாமல் எத்தனை வாட் வருகிறது என்று பார்த்து எழுதுவது. அட்டையிலோ கையேட்டிலோ அந்தக் குறிப்பு இருந்தால் எண்ணை நம்பலாம். அது இல்லை, ஆர்எம்எஸ்ஸும் போடவில்லை என்றால், கடைக்காரர் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அந்தப் பெட்டியைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

வாட்டைப் பற்றி இன்னொன்று. வாட்டை இரண்டு மடங்காக்கினால் ஒலி கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு "சத்தம் டபுள்" என்று தோன்ற 10 டெசிபெல் வரை ஏற வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். 300 வாட் ஆம்ப்புக்கும் 400 வாட் ஆம்ப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணை மூடிக் கேட்டுச் சொல்வது கஷ்டம். அந்த 100 வாட்டுக்குக் கூடுதலாகக் கேட்கும் காசை வயரில் போட்டால் வித்தியாசம் உடனே தெரியும். வயரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதெல்லாம் எதற்கு, கார் கதவில் இருக்கும் ஸ்பீக்கர் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில் பம்பைக்காரர்களுக்குப் பக்கத்தில் நின்றவர் அப்படிக் கேட்க மாட்டார். அந்த அடி காதுக்கு முன் நெஞ்சுக்கூட்டில் விழும். கதவில் இருக்கும் ஆறு இன்ச் ஸ்பீக்கர் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போகத் தளர்ந்துவிடும், அந்தத் தாழ்ந்த ஒலிக்குத் தள்ள வேண்டிய காற்றை அதனால் தள்ள முடியாது. பேஸ் கிடாரின் கடைசிக் கம்பி 41 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. அந்த வேலைக்கென்றே இருப்பது ஊஃபர். அது வந்த பிறகு கதவு ஸ்பீக்கருக்கும் பாரம் குறைந்து குரலும் வயலினும் தெளிவாகும். சத்தத்துக்காக என்று நினைத்து வாங்குகிறவர்கள் கடைசியில் ரசிப்பது இந்தத் தெளிவைத்தான், என் அனுபவத்தில்.

சரி, தம்பியின் வண்டிக்கு வருவோம். ஆம்ப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது. 'புரொடெக்ட்' என்று அதன் கீழே எழுதியிருக்கும். தனக்கு ஆபத்து என்று தெரிந்து ஆம்ப் தானே வாயை மூடிக்கொள்கிற நிலை. ஊஃபர் வயரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தேன். 1.8 ஓம் காட்டியது.

அங்கேயே விஷயம் புரிந்துவிட்டது. அவனுடைய ஊஃபரில் இரண்டு காயில்கள், அதாவது ஊஃபரை அசைக்கும் கம்பிச் சுருள்கள், ஒவ்வொன்றும் 4 ஓம். மீட்டரில் காயில் சற்றுக் குறைவாகத்தான் காட்டும், 4 ஓம் காயில் மூன்றரை பக்கம் நிற்கும். இரண்டையும் பக்கவாட்டில், பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தால் பாதியாகி 2 ஓம். ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ச்சியாகச் சேர்த்தால் கூடி 8 ஓம். பொருத்தியவர் 2 ஓம் ஆக்கிவிட்டார். ஆம்ப்போ இரண்டு சேனல் ஆம்ப், இரண்டையும் பிரிட்ஜ் செய்து ஒன்றாக்கி ஊஃபருக்குக் கொடுத்திருந்தார். அதன் அடியிலேயே அச்சடித்திருந்தது: பிரிட்ஜ் செய்தால் குறைந்தது 4 ஓம். ஓம் குறையக் குறைய ஆம்ப்பிலிருந்து கரண்ட் அதிகம் இழுக்கும். அளவுக்கு மீறி இழுத்ததால் கொதித்தது. மார்கழிக் குளிரில் எப்படியோ தாங்கியது, சித்திரையில் தாங்கவில்லை.

ஆகவே ஊஃபரும் ஆம்ப்பும் தனித்தனிப் பொருள் என்று நினைத்து வாங்கக் கூடாது. முதலில் ஊஃபரை முடிவு செய்யுங்கள். அதன் ஆர்எம்எஸ் எத்தனை, காயில் ஒன்றா இரண்டா, எத்தனை ஓம் என்று பாருங்கள். அதை எப்படி இணைத்தால் எத்தனை ஓம் வரும் என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்த ஓமில் அந்த ஆர்எம்எஸ்ஸைத் தரும் ஆம்ப்பைத் தேடுங்கள். ஊஃபர் 300 வாட், இணைப்பு 2 ஓம் என்றால், கடையில் கேட்க வேண்டிய கேள்வி "2 ஓம்ல 300 ஆர்எம்எஸ் தர்ற மோனோ ஆம்ப் இருக்கா?" மோனோ என்றால் ஒரே சேனல். இப்படிக் கேட்கிறவரிடம் பீக் வாட் கதை எடுபடாது. 4 ஓமில் 200 தரும் அதே ஆம்ப் 2 ஓமில் 300 தரலாம், எல்லாம் கையேட்டில் வரி வரியாக இருக்கும். இரண்டு 2 ஓம் காயில்கள் உள்ள ஊஃபரை வாங்கினால் 1 ஓம் அல்லது 4 ஓம்தான் ஆக்க முடியும், 2 ஓம் வரவே வராது. வாங்கிய பிறகு இதைத் தெரிந்துகொள்வது வேதனை.

மீட்டரை வைத்துவிட்டு அடுத்து வயரைப் பிடித்தேன். விரல் தடிமன், மேலே சிவப்பு ரப்பர், பார்வைக்கு ராஜா மாதிரி இருந்தது. முனையில் ஒரு இழையைப் பிரித்து பிளேடால் சுரண்டினேன். செம்பு நிறம் பொடிப்பொடியாக உதிர்ந்து உள்ளே வெள்ளையாக மின்னியது. அலுமினியம்தான், மேலே செம்புப் பூச்சு. கடைகளில் சிசிஏ என்பார்கள். அலுமினியம் செம்பு அளவுக்குக் கரண்ட் கடத்தாது, அதே தடிமனில் அறுபது, அறுபத்தைந்து சதவீதம்தான் தேறும். ரப்பரைத் தடிமனாக்கி உள்ளே உலோகத்தைக் குறைத்திருந்தால் இன்னும் மோசம். அவனுடையதில் ரப்பரை உரித்தபோது பாதிக்கு மேல் ரப்பர்தான்.

வீட்டு வயரிங் தெரிந்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். ஒன்றரை டன் ஏசிக்கே 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் போதுமே, ஊஃபருக்கு ஏன் இவ்வளவு தடிமன்? ஏசி 1500 வாட் எடுத்தாலும் வீட்டில் 230 வோல்ட், அதனால் கரண்ட் ஆறரை ஆம்பியர்தான். காரில் 300 வாட்டை வெளியே தர ஆம்ப் 375 வாட் வாங்குகிறது என்று வைத்தால், 13.8 வோல்ட்டில் 27 ஆம்பியர் ஓடும். ஏசியை விட நாலு மடங்கு கரண்ட், வண்டியின் மூக்கிலிருந்து வால் வரை ஐந்து மீட்டர் ஓட வேண்டும். நம் ஆட்கள் சிலர் காசை மிச்சம் பிடிக்க 2.5 ஸ்கொயர் வீட்டு வயரையே இழுத்துவிடுகிறார்கள். அதில் போகும்போதே ஒரு வோல்ட் பக்கம் தொலைந்துவிடும். ஊஃபர் அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஹெட்லைட் மங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வயரையும் கிரவுண்டையும்தான். 300 வாட்டுக்கு சுத்தச் செம்பில் 8 கேஜ், அதாவது ஏறக்குறைய 8 ஸ்கொயர், போதும். 500-க்குப் போவதானால் 4 கேஜ், 21 ஸ்கொயர். பிற்பாடு ஆசை கூடும் என்று தெரிந்தால் இப்போதே 4 கேஜ் இழுப்பது நல்லது, கார்பெட்டை இரண்டு முறை பிரிக்க வேண்டாம். கடையில் 'ஓஎஃப்சி' என்று கேளுங்கள், சுத்தச் செம்புக்கு அதுதான் பெயர். கையில் பிளேடு இருக்கட்டும்.

வயரோடு சேர்ந்த இன்னொரு விஷயத்தில் நான் யாரிடமும் சமாதானம் ஆக மாட்டேன். பேட்டரியிலிருந்து கிளம்பும் சிவப்பு வயரில், பேட்டரிக்கு அருகிலேயே, ஒன்றரை அடிக்குள், ஒரு ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். ஆம்ப்பில் இருக்கும் ஃபியூஸ் ஆம்ப்பைக் காக்கும், வயரைக் காக்காது. எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே நுழையும் தகட்டு ஓட்டையில் வயர் உரசி ரப்பர் கிழிந்து பாடியைத் தொட்டால், பேட்டரியின் மொத்த பலமும் அந்த ஒரு புள்ளியில் பாயும். வயர் பழுக்கக் காய்ந்து கார்பெட் பற்றும். தம்பியின் வண்டியில் அந்த ஃபியூஸ் இல்லை. ஓட்டையில் ரப்பர் வளையமும் இல்லை, வயர் நேராகத் தகட்டின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஐந்து மாதம் அப்படியே ஓட்டியிருக்கிறான். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது அதைப் பார்த்துத்தான்.

கிரவுண்ட் வயர் எளிது, ஆனாலும் பாதிப் பேர் தப்பாகப் போடுகிறார்கள். குட்டையாக, சிவப்பு வயரின் அதே தடிமனில், பாடியில் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து வெறும் இரும்பு தெரிய வைத்துப் போல்ட் போட வேண்டும். ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ங்ங்ஙீ' என்று ஏறும் இரைச்சல் வந்தால் பெரும்பாலும் குற்றம் கிரவுண்டில் இருக்கும். அல்லது கரண்ட் வயரும் பாட்டு வரும் ஆர்சிஏ வயரும் ஒரே பக்கமாக ஒட்டிப் போயிருக்கும். ஒன்று டிரைவர் பக்கம் போனால் மற்றது இடது பக்கம் போகட்டும்.

வேலூர்ப் பக்கத்துக்காரர்கள் வெயிலைத் தனியாகக் கணக்கில் எடுக்க வேண்டும். அக்கினி நட்சத்திரத்தில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும் ஊர். கண்ணாடியை ஏற்றிவிட்டு வெட்டவெளியில் நிறுத்திய காருக்குள் டேஷ்போர்டைத் தொட முடியாது. ஆம்ப்பின் உடம்பில் வரிவரியாக இருக்கும் அலுமினியத் தகடுகள் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கத்தான், காற்றே கொதித்தால் எங்கே கொடுக்கும்? விரிப்புக்கு அடியில் ஆம்ப்பைப் படுக்க வைப்பது போர்வை போர்த்தியது போல. பின்சீட் முதுகில் ஒரு பிளைவுட் பலகை அடித்து, மேலே கீழே இடம் விட்டு நிறுத்துங்கள். ஊஃபர் பெட்டியின் மேலேயே ஸ்குரூ போடுவதும் வேண்டாம், அதிர்வில் உள்ளே பற்றவைப்பு விட்டுப்போகும். சூடு பேட்டரியின் ஆயுளையும் குறைக்கும். சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரிதான். எஞ்சினை அணைத்துவிட்டு ஏலகிரியில் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்டால் இறங்கத் தள்ளு வண்டிதான்.

இனி பெட்டி. ஊஃபரை வெறுமனே தொங்கவிட்டால் முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் ஒன்றையொன்று தின்றுவிடும், அதைத் தடுக்கத்தான் பெட்டி. அடைத்த பெட்டி என்றால் பன்னிரண்டு இன்ச்சுக்கு ஏறக்குறைய ஒரு கன அடி, 28 லிட்டர். அடி கச்சிதமாக, தவில் வெட்டு மாதிரி நறுக்கென்று விழும். குழாய் வைத்த போர்ட் பெட்டி கிட்டத்தட்ட அதில் இரண்டு மடங்கு இடம் பிடிக்கும், அதே வாட்டுக்குச் சத்தம் அதிகம் தரும், ஆனால் கணக்குத் தவறினால் எல்லாப் பாட்டும் ஒரே 'டூம்' ஆகிவிடும். கார் மாதிரி சின்ன அடைப்பான இடத்தில் தாழ்ந்த ஒலி தானாகவே கூடும் என்பதால் ஆரம்பக்காரருக்கு அடைத்த பெட்டியே என் சிபாரிசு. 2018-ல் வந்த ஸ்விஃப்டில்கூட டிக்கி 268 லிட்டர்தான், அதில் திருப்பதிக்குப் போகும் பையும் வைக்க வேண்டும். சிஎன்ஜி சிலிண்டர் டிக்கியை அடைத்திருக்கும் வண்டியில் பெட்டிக்கு இடமே இல்லை. அவர்களுக்கு ஆம்ப் உள்ளேயே அமைந்த, சீட்டுக்கு அடியில் போகும் எட்டு இன்ச் ஊஃபர் இருக்கிறது. நெஞ்சில் அடிக்காது, ஆனால் பாட்டு நிறைந்துவிடும். குடும்ப வண்டிக்கு அதுவே போதும் என்று பலருக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

பெட்டியை நம் ஊர்த் தச்சரிடமே செய்யலாம். 18 மில்லி எம்டிஎஃப் பலகை, மூலைகளில் பசையும் ஸ்குரூவும், எங்கும் காற்று கசியக் கூடாது. எத்தனை லிட்டர் என்பது ஊஃபரோடு வரும் தாளில் இருக்கும். அதிலுள்ள டீல்-ஸ்மால் எண்கள் என்பவை ஆஸ்திரேலியாவில் நெவில் டீல் 1961-ல் எழுதி, 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் விரித்த கணக்கிலிருந்து வந்தவை. அதற்கு முன் பெட்டி செய்வது பெரும்பாலும் கை வாக்கில் நடந்த வேலை. இன்றைக்குத் தாளைப் பார்த்து அளவு சொல்ல முடிகிறது என்றால் அந்த இருவரால்தான்.

கம்பெனி ஸ்டீரியோவை மாற்றத் தேவையில்லை. ஆர்சிஏ அவுட் இல்லாவிட்டாலும், ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் ஹை-லெவல் இன்புட் உள்ள ஆம்ப் கிடைக்கிறது. ஒரிஜினல் வயரை வெட்டாமல் கப்ளர் போட்டு எடுக்கச் சொல்லுங்கள், வாரண்டி தகராறு குறையும்.

ஆம்ப்பில் 'கெய்ன்' என்று ஒரு திருகு இருக்கும். அதை வால்யூம் என்று நினைத்து முழுதாகத் திருப்புவதுதான் ஊஃபர் காயில் கருகுவதற்குப் பெரிய காரணம். ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலுக்கும் ஆம்ப்புக்கும் பொருத்தம் பார்க்கும் திருகு அது. அளவு மீறினால் ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகும், காயில் அசைய வேண்டியது போய்க் காய ஆரம்பிக்கும். சரியாக வைக்க மல்டிமீட்டர் ஒன்று போதும். ஊஃபர் வயரைக் கழற்றுங்கள். பேஸ் பூஸ்ட்டைப் பூஜ்யமாக்குங்கள். போனில் 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்டீரியோ வால்யூமை முக்கால் பங்கில் நிறுத்துங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்ப்பின் வெளியீட்டில் பிடியுங்கள். வேண்டிய வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் எத்தனை வோல்ட் என்று வரும். 300 வாட், 2 ஓம் என்றால் 600, அதன் வர்க்கமூலம் 24.5. கெய்னைப் பூஜ்யத்திலிருந்து மெல்லத் திருப்பி மீட்டர் 24.5 தொடும்போது கையை எடுத்துவிடுங்கள். நம் வீட்டுக் கரண்டும் 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் சாதாரண மீட்டர்கூட இந்த அளவைச் சரியாகக் காட்டும். தாழ்ந்த ஒலியை மட்டும் ஊஃபருக்கு விடும் லோ-பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் தொடங்கி, டிக்கியிலிருந்து குரல் கேட்டால் கீழே இறக்குங்கள்.

எங்கே வாங்குவது என்பதில் நம் ஊர் இரண்டு பெரிய சந்தைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது. சென்னை ரிச்சி தெரு 140 கிலோமீட்டர் பக்கம், பெங்களூர் எஸ்.பி. ரோடு இருநூற்றுப் பத்து. அங்கே விலை குறையும், உண்மைதான். ஆனால் அங்கே வாங்கி இங்கே பொருத்தினால், நின்றுபோகும்போது விற்றவர் பொருத்தியவரைச் சொல்வார், பொருத்தியவர் பொருளைச் சொல்வார். ஆரம்பக்காரர் வேலூரிலோ ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ பொருத்துகிறவரிடமே வாங்கி, ஆர்எம்எஸ், ஓம், வயர் வகை மூன்றையும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்வது மேல். இருபதாயிரம் ரூபாய் வைத்திருப்பவர் அதில் கால் பங்கை வயர், ஃபியூஸ், கூலிக்கு முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். மிச்சத்தில்தான் ஊஃபரும் ஆம்ப்பும் பெட்டியும்.

ஓட்டும்போதும் ஒரு கணக்கு உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை வரம்பு 45 டெசிபெல். ஆஸ்பத்திரி, பள்ளி, கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத இடத்தை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். ஐடா ஸ்கடர் சாலையில் சிஎம்சி வாசலைக் கடக்கும்போது உள்ளே எத்தனை பேர் தூக்கத்துக்குத் தவிக்கிறார்கள் என்று நினைத்தால் கை தானாக வால்யூமுக்குப் போகும். தாழ்ந்த ஒலி கண்ணாடியையும் சுவரையும் ஊடுருவிப் போகக்கூடியது, ஜன்னலை ஏற்றிவிட்டதால் வெளியே கேட்காது என்று எண்ண வேண்டாம்.

தம்பியின் வண்டியில் அன்றைக்கே ஊஃபர் காயில்களைத் தொடர்ச்சியாக மாற்றி 8 ஓம் ஆக்கினேன். சத்தம் குறைந்தது, ஆனால் காட்பாடியிலிருந்து குடியாத்தம் வரை ஒரு முறைகூட நிற்கவில்லை. இரண்டு மாதம் அப்படி ஓட்டிவிட்டு, 2 ஓமில் 300 ஆர்எம்எஸ் தரும் டி வகை மோனோ ஆம்ப் வாங்கினான். அதன் ஃபியூஸ் 40. செம்பு வயர் இழுத்தோம், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஃபியூஸ் வைத்தோம், பலகையடித்து ஆம்ப்பை நிறுத்தினோம். அட்டையில் 3000 எங்கும் இல்லை. முதல் பாட்டிலேயே பின்னால் நம்பர் பிளேட் 'டர்ர்ர்' என்று அதிர்ந்தது. இறங்கிப் போய் ஸ்குரூவைக் கழற்றி இரண்டு ரப்பர் வாஷர் வைத்து இறுக்கினான். மறுபடி போட்டபோது அடி மட்டும் கேட்டது.